ப்ளூஸைக் குரலிலிருந்து கேட்கத் தொடங்குங்கள்

நம்மவர்களில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டான ப்ளூஸ் பிடித்துப்போனவர்கள் பெரும்பாலும் ராக் வழியாக வந்தவர்கள். விடுதி அறையில் யாராவது எரிக் கிளாப்டனைப் போட்டிருப்பார்கள். அங்கிருந்து ஒவ்வொருவராகப் பின்னால் போய் பி.பி. கிங், மடி வாட்டர்ஸ், கடைசியில் ராபர்ட் ஜான்சன் என்று வந்து சேர்ந்திருப்போம். நான் வந்ததும் அப்படித்தான். அந்த வழியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அப்படி வருகிற காதுக்கு முதலில் கேட்பது கிதார்தான். ஒரு சோலோவுக்கும் அடுத்த சோலோவுக்கும் நடுவே வருவதுதான் பாட்டு என்று ஆகிவிடும்.

வேலைக்காக மெம்ஃபிஸ் வந்த பிறகு வார இறுதிகளில் மிசிசிப்பி பக்கம் போக ஆரம்பித்தேன். இந்தப் பாட்டோடு வளர்ந்த பெரியவர்கள் பேசுவதைக் கேட்கக் கேட்க ஒன்று பிடிபட்டது. ஒரு பாடகரைப் பற்றிப் பேச்செடுத்தால், அவர் என்ன வாசித்தார் என்று அவர்கள் ஆரம்பிக்கவே மாட்டார்கள். என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்பதுதான் முதல் பேச்சு. கிதாரைப் பற்றிய பேச்சு அப்புறம் வரும், சில சமயம் வராமலும் போகும். அதிலிருந்து என் கேட்கும் வரிசையை மாற்றிக்கொண்டேன்: முதலில் குரல், அடுத்து சொல், அதற்குப் பிறகு வாத்தியம். ப்ளூஸ் எனக்கு முழுசாகத் திறந்தது அதற்குப் பிறகுதான். புதிதாகக் கேட்க வருகிற நண்பர்களுக்கும் இப்போது இதைத்தான் சொல்கிறேன்.

வரலாறும் அப்படித்தான் நடந்திருக்கிறது. ப்ளூஸ் இசைத்தட்டு வியாபாரத்தைத் தொடங்கிவைத்தவர்கள் பெண்கள். 1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித் ஓக்கே நிறுவனத்துக்காக 'கிரேசி ப்ளூஸ்' பாடினார். தட்டு அமோகமாக விற்றது. கறுப்பின மக்களும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்பதை நிறுவனங்கள் அன்றுதான் கண்டுகொண்டன. அப்புறம் மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித், ஐடா காக்ஸ், சிப்பி வாலஸ், ஆல்பர்டா ஹன்டர் என்று வரிசையாக வந்தார்கள். கூடாரங்களிலும் நாடக மேடைகளிலும் மைக் இல்லாமல் பாடிப் பழகிய குரல்கள். கிளாசிக் ப்ளூஸ் என்று ரசிகர்கள் சொல்வது முதன்மையாக இவர்களைத்தான். தனியாகக் கிதாரோடு உட்கார்ந்து பாடும் ஆண்களைத் தேடி நிறுவனங்கள் கிளம்பியது, 1926-இல் டெக்சாஸ்காரர் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சனின் தட்டுகள் விற்ற பிறகுதான். திண்ணையில் கிதாரோடு ஒற்றை ஆள் என்கிற படம் நம் மனசில் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. தட்டுகளின் வரிசையில் பார்த்தால் அது இரண்டாவது அத்தியாயம்.

தொடங்குவதற்கு ஒரே ஒரு தட்டு சொல்லுங்கள் என்று கேட்டால், பெஸ்ஸி ஸ்மித் 1925 ஜனவரியில் பாடிய 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' என்பேன். டபிள்யூ.சி. ஹேண்டி 1914-இல் வெளியிட்ட பாட்டு அது. பதிவில் மொத்தம் மூன்றே பேர்: பெஸ்ஸி, கார்னெட் என்ற சிறு ஊதுகருவி வாசிக்கும் லூயி ஆம்ஸ்ட்ராங், அப்புறம் ஹார்மோனியத்தில் ஃபிரெட் லாங்ஷா. ஆமாம், ஹார்மோனியம்தான். மின்சார மைக் ஒலிப்பதிவுக் கூடங்களுக்குள் வருவதற்குச் சற்று முந்தைய காலம். ஒரு பெரிய கூம்புக்குழாயின் வாய்க்கு எதிரே நின்று பாடியிருக்கிறார்கள்.

முதல் தடவை கேட்கும்போது குரலை மட்டும் கேளுங்கள். அவர் பயன்படுத்துகிற ஸ்வரங்கள் மிகக் குறைவு. அந்தச் சிலவற்றையே நீட்டுகிறார், லேசாக வளைக்கிறார், வரியின் கடைசியில் கீழே இறக்கிவிடுகிறார். ஹார்மோனியத்துக்கு வளையத் தெரியாது. கட்டையை அழுத்தினால் அந்த ஸ்வரம்தான். பெஸ்ஸியின் குரல் அந்தக் கட்டைகளுக்கு நடுவே போகிறது. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் எங்கோ ஓர் இடம் இருக்கிறதே, ப்ளூஸ் பாடுகிறவர்களின் காந்தாரம் வசிப்பது அங்கேதான். கமகம் கேட்டு வளர்ந்த நம் காதுக்கு இது சட்டென்று பிடிபடும். நிலையான ஹார்மோனியம் பின்னால் ஒலிப்பதால் அந்த நழுவல் இன்னும் துல்லியமாகத் தெரிகிறது. இரண்டாவது தடவை ஆம்ஸ்ட்ராங்கைக் கவனியுங்கள். பெஸ்ஸி ஒரு வரி முடித்து மூச்சு வாங்கும் இடத்தில்தான் அவர் நுழைகிறார், பதில் சொல்கிறார், அடுத்த வரிக்கு ஒதுங்கிக்கொள்கிறார். பிற்காலத்தில் பி.பி. கிங் பாடிவிட்டு நிறுத்தி கிதாரைப் பேசவிடுவதன் வேர் இதில்தான் இருக்கிறது.

பாட்டின் கட்டமைப்பைத் தெரிந்துகொண்டால் ரசனை இரட்டிப்பாகும். அதற்கு இசைப் படிப்பு வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். நான்கு தாளத் தட்டு ஒரு பார். பன்னிரண்டு பார் ஒரு சுற்று. அதை நான்கு நான்காக மூன்று வரிக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வரி ஷட்ஜத்தில் வேர்விட்ட கார்டில், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டில், நிற்கும். இரண்டாவது வரி மத்யமத்துக்குப் போய்த் திரும்பும். மூன்றாவது வரி பஞ்சமத்தில் தொடங்கி இறங்கி வீடு வந்து சேரும். வார்த்தையிலும் இதே போக்குதான்: ஒரு வரி, அதே வரி மறுபடியும், பிறகு அதற்கு ஒரு முடிப்பு. இந்த வடிவம் விளங்க நான் கட்டிப் பார்த்த ஒன்றைத் தருகிறேன்:

கணக்கு முடிச்சாரு முதலாளி, கையிலே காசு ஒண்ணும் இல்லே,
ஆமா, கணக்கு முடிச்சாரு முதலாளி, கையிலே காசு ஒண்ணும் இல்லே,
ரயில் சத்தம் கேக்குது, விடிஞ்சா நான் இந்த ஊர்லே இல்லே.

மிசிசிப்பியின் டெல்டா பகுதிப் பருத்திக் காடுகளில் குத்தகைக்கு உழைத்தவர்களுக்கு ஆண்டுக் கடைசியில்தான் கணக்கு முடிப்பார்கள். விதை, உரம், மளிகை என்று முன்பணமாக வாங்கியதெல்லாம் கழித்த பிறகு பலருக்குக் கையில் எதுவும் மிஞ்சாது, கடன்தான் மிஞ்சும். கணக்குப் புத்தகம் முதலாளியிடம். கேள்வி கேட்கவும் முடியாது. இந்தப் பின்னணி தெரிந்தால், ஊரைவிட்டுப் போகிறேன் என்று ஒருவர் பாடும்போது அது வெறும் காதல் தோல்வி இல்லை என்பது புரியும்.

இரண்டாவது முறை அதே வரி வரும்போது கூர்ந்து கேளுங்கள். நல்ல பாடகர் யாரும் அதை முதல் முறை மாதிரியே பாடமாட்டார். ஒரு சொல்லைத் தாமதமாகப் போடுவார், இல்லை ஒரு சொல்லை விழுங்குவார். கேட்பவருக்கு அந்த நேரத்தில் மூன்றாவது வரி என்னவாக இருக்கும் என்கிற ஆவல் ஏறிக்கொண்டே இருக்கும். அப்புறம் ஜான் லீ ஹூக்கர், லைட்னின் ஹாப்கின்ஸ் ஆகிய இருவரையும் போட்டு இந்தக் கணக்கை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை உடையும். ஹூக்கர் பல பாட்டில் ஒரே கார்டில் நின்றுவிடுவார். ஹாப்கின்ஸ் தனக்குத் தோன்றும்போதுதான் கார்டை மாற்றுவார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்காமல் தாளத்துக்காக நகர மாட்டார். அங்கேயும் குரல்தான் எஜமான்.

இனி தட்டுகளைப் பற்றிக் கொஞ்சம். பழைய ப்ளூஸ் கேட்கப் போய்ப் பலர் திரும்பி வந்துவிடுவது அந்தக் கரகரப்பால்தான். சார்லி பேட்டன், சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ் மூவரின் ஆரம்பப் பதிவுகளையும் வெளியிட்டது பாராமவுண்ட். விஸ்கான்சினில் நாற்காலி செய்யும் ஒரு கம்பெனியின் கிளை அது. கிராமஃபோன் பெட்டி செய்தவர்கள், அதோடு விற்பதற்காகத் தட்டும் போட்டார்கள். மலிவான கலவையில் செய்த தட்டுகள். மூலத் தகடுகளும் காலத்தில் போய்விட்டன. ஆகவே இன்று நாம் கேட்பது யார் வீட்டிலோ தேய்ந்து மிஞ்சிய தட்டிலிருந்து எடுத்த பிரதி. ஒரே பாட்டுக்கு ஸ்ட்ரீமிங் செயலிகளில் பல பிரதிகள் கிடக்கும், எல்லாம் ஒன்றில்லை. இரைச்சலை அளவுக்கு மீறிச் சுத்தம் செய்த பிரதியில் குரலின் மேல்பாதியும் சேர்ந்து போயிருக்கும், தண்ணீருக்கடியில் பாடுவது போல ஒலிக்கும். கொஞ்சம் கரகரப்போடு இருக்கும் பிரதியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வாரத்தில் காது அந்தக் கரகரப்பை ஒதுக்கிவிடும். யாஸூ என்ற நிறுவனத்தின் வெளியீடுகள் தேர்ந்தெடுத்துத் தொகுத்தவை, ஒலியும் நன்றாக இருக்கும். ஆரம்பத்துக்கு அவை போதும். டாக்குமென்ட் என்ற நிறுவனத்தின் வெளியீடுகள் ஒருவர் பாடியதை எல்லாம் பதிவு வரிசைப்படி தருபவை. அவை ஆராய்ச்சிக்கு நல்லவை, ஒரே மூச்சில் கேட்டால் அலுப்புத் தட்டும். இந்தத் தட்டுகள் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் என்று விற்றவை. வாங்கினவர்கள் ஒன்றையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். இன்றும் அப்படிக் கேட்பதுதான் சுகம்.

தேடும்போது பெயரில் கவனமாக இருங்கள். சன்னி பாய் வில்லியம்சன் என்று ஹார்மோனிகா வாசித்தவர்கள் இருவர். அந்தப் பெயரில் முதலில் தட்டு போட்டவர் 1948-இல் சிகாகோவில் கொல்லப்பட்டார். மற்றவர் ரைஸ் மில்லர், 1965 வரை வாழ்ந்தார். ஜான்சன்களும் ஏராளம்: ராபர்ட், டாமி, லோனி, பிளைண்ட் வில்லி. ஒருவருக்கொருவர் உறவு கிடையாது.

ஒரு பாட்டு எப்போது பதிவானது என்று பார்ப்பதும் நல்ல பழக்கம். 1927-இல் மிசிசிப்பி ஆறு பெருக்கெடுத்து, ஏப்ரல் 21-ஆம் தேதி மவுண்ட்ஸ் லாண்டிங் என்ற இடத்தில் கரை உடைந்து டெல்டாவின் பெரும்பகுதி மூழ்கியது. பெஸ்ஸி ஸ்மித்தின் 'பேக்வாட்டர் ப்ளூஸ்' அந்த வெள்ளத்தைப் பற்றியது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது பதிவானது பிப்ரவரியில். கரை உடைவதற்கு முன்பே பாடிவிட்டார். 1926 கிறிஸ்துமஸ் சமயத்தில் நாஷ்வில்லில் வந்த வெள்ளம்தான் அதன் பின்னணி. ஆனால் தட்டு கடைக்கு வந்த சில வாரங்களில் டெல்டா மூழ்கியது. வாங்கிக் கேட்டவர்கள் எல்லாரும் அதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். டெல்டாவுக்குள்ளிருந்து அந்த வெள்ளத்தைப் பாடியவர் சார்லி பேட்டன். தட்டின் இரண்டு பக்கமும் நீளும் பாட்டு அது, ஊர் ஊராகப் பெயர் சொல்லிக்கொண்டே போகும். ஒரு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கேளுங்கள். அவர் சொல்லும் ஊர்களைத் தொடர்ந்தால் தண்ணீர் எங்கெங்கே வந்தது, மேட்டுநிலம் தேடி மனிதர்கள் எந்தத் திசையில் ஓடினார்கள் என்பது தெரியும். கிரீன்வில்லில் கறுப்பினத் தொழிலாளர்களைத் துப்பாக்கி முனையில் கரையிலேயே நிறுத்தி வேலை வாங்கியதையும் படித்துவிட்டு மறுபடி கேட்டால், பேட்டனின் தொண்டையில் இருக்கும் அந்த முரட்டுத்தனம் வேறு மாதிரி ஒலிக்கும்.

ராபர்ட் ஜான்சனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றுக் கிதார் கற்றுக்கொண்டார் என்ற கதை எல்லாருக்கும் தெரியும். இப்படியொரு கதை முதலில் சொல்லப்பட்டது டாமி ஜான்சன் என்ற வேறொருவரைப் பற்றி. ராபர்ட் கற்றுக்கொண்டது மனிதர்களிடமிருந்தும் தட்டுகளிலிருந்தும். ஐக் ஸிம்மர்மன் என்பவரிடம் உட்கார்ந்து பயின்றிருக்கிறார். இருவரும் இரவில் இடுகாட்டில் போய் வாசித்துப் பழகியிருக்கிறார்கள், அங்கேதான் யாருக்கும் தொந்தரவு இல்லை. அவருடைய உழைப்பைக் காதாலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஸ்கிப் ஜேம்ஸ் 1931-இல் பியானோவில் வாசித்துப் பாடிய '22-20 ப்ளூஸ்' கேளுங்கள். உடனே ஜான்சன் 1936 நவம்பரில் பாடிய '32-20 ப்ளூஸ்' கேளுங்கள். துப்பாக்கியின் எண்ணை மாற்றி, பியானோவில் இருந்ததைக் கிதாருக்குக் கொண்டுவந்திருக்கிறார். அதே போல கோகோமோ அர்னால்டின் 'ஓல்ட் ஒரிஜினல் கோகோமோ ப்ளூஸ்' கேட்டுவிட்டு ஜான்சனின் 'ஸ்வீட் ஹோம் சிகாகோ'வுக்கு வாருங்கள். ஜான்சன் பதிவு செய்தது மொத்தம் 29 பாட்டுகள்தான், சான் அன்டோனியோவிலும் டல்லஸிலும். 1938-இல், 27 வயதில் இறந்துபோனார். அந்த வயதுக்குள் இத்தனை பேரைக் கேட்டு உள்வாங்கித் தன்னுடையதாக ஆக்கிய ஒருவருக்குச் சாத்தானின் தயவு என்று எழுதிவைப்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

கிதார் கையில் இருப்பவர்களுக்கு, விரலில் மாட்டிய குழாயைக் கம்பிமேல் நழுவவிடும் ஸ்லைடு பழகிப் பாருங்கள் என்பேன், ஏனென்றால் குரலுக்கு மிக அருகில் வரும் கிதார் அதுதான். வாசிப்பவர் வளைவை நேரடியாகக் கையால் உணர முடியும். சாதாரண ட்யூனிங்கில் ஆறாவது, ஐந்தாவது, முதல் கம்பிகளை மட்டும் ஒரு முழு ஸ்வரம் இறக்குங்கள். டி ஜி டி ஜி பி டி என்று வந்துவிடும். அதுதான் ஓப்பன் ஜி. இடது கையால் எதையும் தொடாமல் மீட்டினாலே முழு கார்டு ஒலிக்கும். ஐந்தாவது ஃபிரெட்டில் ஸ்லைடை வைத்தால் மத்யம கார்டு, ஏழாவதில் பஞ்சமம். பன்னிரண்டு பாரும் இந்த மூன்று இடத்துக்குள் முடிந்துவிடும். கண்ணாடிக் குழாயைச் சுண்டுவிரலில் போட்டுக்கொள்ளுங்கள், மற்ற மூன்று விரலும் வேலைக்குக் கிடைக்கும். ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே ஸ்லைடு வர வேண்டும், இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் வைத்தால் சுருதி சேராது. கம்பியை ஃபிரெட்டில் படும்படி அழுத்தாமல் தொட்டுக்கொண்டு போனால் போதும். ஸ்லைடுக்குப் பின்னால் இருக்கும் விரல்களைக் கம்பிகள் மேல் லேசாகப் படியவிடுங்கள், தேவையில்லாத ஒலி அடங்கும். கம்பி கொஞ்சம் தடிமனாகவும், கழுத்திலிருந்து சற்று உயரமாகவும் இருந்தால் நல்லது.

இப்போது மூன்றாவது கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டைத் தாண்டி, நான்காவதைத் தொடாமல் நிறுத்துங்கள். பெஸ்ஸியின் குரலில் நாம் பார்த்த அந்தக் காந்தாரம் அங்கே இருக்கிறது. எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை யாரும் எழுதித் தர முடியாது, ஒவ்வொரு பாடகருக்கும் அது சற்றே மாறும். சித்ரவீணை கேட்டவர்களுக்கு இந்த விரல் வேலை ஏற்கெனவே பரிச்சயமாக இருக்கும். நான் பழகியது ஒரே ஒரு முறையில்தான்: ஒரு வரியைப் பாடுவேன், அந்த வரியையே ஸ்லைடில் சொல்ல முயல்வேன். வேகமாக வாசிக்கும் ஆசை எழும்போதெல்லாம் பாடலுக்குத் திரும்பிவிடுவேன்.

டெல்டாவுக்குப் போக வாய்க்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். டெல்டா என்றதும் கடலோர முகத்துவாரத்தை நினைக்காதீர்கள். மிசிசிப்பி ஆற்றுக்கும் யாஸூ ஆற்றுக்கும் நடுவில் தட்டையாகக் கிடக்கும் உள்நாட்டு வண்டல் சமவெளி அது. மெம்ஃபிஸிலிருந்து நெடுஞ்சாலை 61-இல் தெற்கே ஒன்றரை மணி நேரத்தில் கிளார்க்ஸ்டேல் வந்துவிடும். அங்கே பழைய ரயில் சரக்குக் கிடங்கில் டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. ஸ்டோவால் தோட்டத்தில் மடி வாட்டர்ஸ் வாழ்ந்த மரக் குடிசையின் மிச்சத்தை உள்ளே வைத்திருக்கிறார்கள். 1941-இல் நாட்டுப்பாடல் சேகரித்துவந்த ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் அந்தத் தோட்டத்துக்கு வந்துதான் அவரை முதலில் பதிவு செய்தார்கள். ஊருக்குள் கேட் ஹெட் என்ற கடையில் அந்த வாரம் எங்கெங்கே பாட்டு என்ற பட்டியல் கிடைக்கும், நேராக அங்கே போய்விடுங்கள்.

டட்வைலர் ரயில் நிலையத்தில்தான் 1903 வாக்கில் ஒருவர் கம்பியில் கத்தியை நழுவவிட்டு வாசித்ததை ஹேண்டி கேட்டார். ரைஸ் மில்லரின் கல்லறையும் அந்த ஊர்ப் பக்கம்தான், வருகிறவர்கள் ஹார்மோனிகா வைத்துவிட்டுப் போவார்கள். இண்டியனோலாவில் பி.பி. கிங் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள், அவரை அடக்கம் செய்திருப்பதும் அந்த வளாகத்தில்தான். சாலையோரம் நீல நிற உலோகப் பலகைகள் வரும், நிறுத்திப் படியுங்கள். ஆற்றுக்கு அக்கரையில், ஆர்கன்சாவின் ஹெலினாவில், 1941 முதல் ஒலிபரப்பாகும் 'கிங் பிஸ்கட் டைம்' வானொலி நிகழ்ச்சியை வாரநாட்களில் மதியம் நேரிலேயே உட்கார்ந்து பார்க்கலாம். ஞாயிறன்று பல இடங்கள் பூட்டியிருக்கும். ஏப்ரலில் கிளார்க்ஸ்டேல் திருவிழாவுக்கு அறை வேண்டுமென்றால் பல மாதம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். சைவச் சாப்பாடு கஷ்டம். கீரையில்கூடப் பன்றி இறைச்சி போட்டு வேகவைப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

கிரீன்வுட்டிலிருந்து மணி என்ற சிற்றூருக்குப் போகும் சாலையில் லிட்டில் சயான் தேவாலயம் இருக்கிறது. ராபர்ட் ஜான்சனுக்கு மூன்று இடங்களில் கல்லறைக் கல் உண்டு. இங்கே இருப்பதைத்தான் ஆய்வாளர்கள் பலர் ஏற்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அதே சாலையில் இன்னும் மேலே போனால், 1955-இல் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்படக் காரணமாகச் சொல்லப்பட்ட சம்பவம் நடந்த மளிகைக்கடையின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. அந்தப் பாட்டுகள் எந்த மண்ணில் பாடப்பட்டன என்பதற்கு அதைவிட நேரான விளக்கம் கிடையாது.

கிளார்க்ஸ்டேலின் சன்ஃபிளவர் அவென்யூவில் ரிவர்சைடு ஹோட்டல். 1944 வரை அது கறுப்பின மக்களுக்கான மருத்துவமனை. 1937 செப்டம்பரில் நெடுஞ்சாலை 61-இல் நடந்த கார் விபத்துக்குப் பின் பெஸ்ஸி ஸ்மித் இறந்தது அங்கேதான். வெள்ளையர் மருத்துவமனையில் சேர்க்க மறுத்ததால் இறந்தார் என்று பல்லாண்டுகள் சொல்லிவந்தார்கள். நடந்தது அதுவல்ல, ஆம்புலன்ஸ் நேராக இங்கேதான் வந்தது. இது கேட்டு ஆறுதலடையும் செய்தி இல்லை. வெள்ளையர் மருத்துவமனைக்கு ஒரு கறுப்பினப் பெண்ணைக் கொண்டுபோகலாம் என்ற எண்ணமே யாருக்கும் எழாத ஊராக அது இருந்தது. மறுக்க வேண்டிய அவசியம்கூட வரவில்லை. அவர் கல்லறைக்குக் கல் வைக்கப்பட்டது 1970-இல்தான். ராக் பாடகி ஜானிஸ் ஜாப்லினும் ஹுவானிடா கிரீன் என்பவரும் சேர்ந்து செலவை ஏற்றார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு ப்ளூஸ் என்றால் துக்கப் பாட்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நம்மிடையே அந்த எண்ணம் பலமாக இருக்கிறது. இது சனிக்கிழமை ராத்திரிக்கான இசை. வாரம் முழுக்க முதுகு ஒடிய வேலை செய்தவர்கள் குளித்து, நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு ஆடப் போன இடத்தில் பாடியது. கிளார்க்ஸ்டேலில் ஒரு ஜூக் ஜாயின்டில், அதாவது பாட்டும் ஆட்டமும் நடக்கும் சிறு மதுக்கூடத்தில், இதைக் கண்ணால் பார்த்தேன். தாழ்ந்த கூரை, சிவப்பு விளக்கு, மேடை கிடையாது. தரையில் ஒரு கம்பளத் துண்டு, அதன்மேல் டிரம், பக்கத்தில் ஒரு ஆம்ப்ளிஃபயர். பாடியவர் காதலி விட்டுப்போன கதையை ஒரு வரி சொன்னார். பக்கத்து மேசையில், வயது எழுபதுக்கு மேல் இருக்கும், ஜரிகை மின்னும் சட்டை போட்ட ஒரு பாட்டியம்மா 'அப்படியா செஞ்சா!' என்று சத்தமாகக் கேட்டார். பாடகர் அதே வரியை இன்னும் மெதுவாகச் சொன்னார். மூன்றாவது வரிக்கு முன்னால் வேண்டுமென்றே நிறுத்தினார். கூட்டம் முழுக்கக் காத்திருந்தது. வரி வந்து விழுந்ததும் வெடிச் சிரிப்பு. பாட்டியம்மா எழுந்து ஆடப் போய்விட்டார். திரும்பி வந்தவர் நான் கைதட்டுவதைப் பார்த்து, என் மணிக்கட்டைப் பிடித்து, 'ரெண்டுலயும் நாலுலயும் தட்டு, கண்ணு' என்று தன் மொழியில் சொல்லி நாலைந்து பாருக்குக் கூடவே தட்டினார். ஒன்றிலும் மூன்றிலும் தட்டிப் பழகிய கைக்கு அது ஒரு நல்ல பாடம். வீட்டில் தட்டு கேட்கும்போதும் இரண்டிலும் நாலிலும் தட்டிப் பாருங்கள். பாட்டு நடக்கும் விதமே மாறிவிடும்.

இப்படிப்பட்ட இடங்களில் நுழைவுக் கட்டணம் சொற்பம். வாத்தியக்காரர்களுக்கு முன்னால் ஒரு வாளி இருக்கும், பணத்தாளாக எடுத்துப் போய்த் தாராளமாகப் போடுங்கள். அவர்களிடம் சிடி இருந்தால் அங்கேயே வாங்கிவிடுங்கள். பெஸ்ஸிக்கு அவர் நிறுவனம் ராயல்டியே கொடுத்ததில்லை, ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்குத் தீர்த்துவிட்டார்கள். இன்று வாழ்கிற பாடகருக்கு நம்மால் நேரடியாகச் செய்ய முடிந்தது இதுதான். பாட்டுக்கு நடுவே கைபேசியைத் தூக்கி நீளமாகப் படம் எடுக்காதீர்கள், ஒரு பாட்டுக்கு மேல் வேண்டாம். அவர் ஏதாவது கேட்டால் பதில் சொல்லுங்கள், அங்கே கேட்பவரும் பாட்டில் ஒரு பங்கு.

சிகாகோ பக்கம் இருப்பவர்கள் சவுத் மிஷிகன் அவென்யூ 2120-ஆம் எண் கட்டடத்துக்குப் போகலாம். செஸ் என்ற ப்ளூஸ் இசைத்தட்டு நிறுவனம் 1957-இலிருந்து சுமார் பத்து ஆண்டுகள் இயங்கிய இடம். இப்போது வில்லி டிக்சன் பெயரிலான அறக்கட்டளை அதைப் பாதுகாத்து வருகிறது. மடி வாட்டர்ஸ், ஹௌலின் வுல்ஃப், லிட்டில் வால்டர் மூவருமே தெற்கிலிருந்து வடக்கே வந்தவர்கள்தான். நகரத்து மதுக்கூட இரைச்சலில் குரல் எடுபட வேண்டுமென்று மின்சாரத்துக்கு மாறினார்கள். இதைப் பற்றி எழுதியவர்கள் நிறைய இருப்பதால் நான் நீட்டவில்லை.

நேரம் இருந்து ஒரே ஒரு சிற்றூருக்கு மட்டும் போக முடியும் என்றால் பென்டோனியாவைச் சொல்வேன், ஸ்கிப் ஜேம்ஸின் ஊர். மைனர் கார்டில் திறந்த ட்யூனிங், மேலே எழும்பிப் போகும் மெல்லிய கள்ளக்குரல் என்று அந்த ஊருக்கென்று ஒரு பாணியே உண்டு. ஜேம்ஸ் 1931-இல் பதிவு செய்த பிறகு பாட்டுலகை விட்டே போய்விட்டார். 1964-இல் டுனிகா மருத்துவமனையில் படுத்திருந்தவரைத் தேடிப் பிடித்தார்கள். அந்தக் கோடையிலேயே நியூபோர்ட் விழாவில் பாடினார். அதே பாணியில் வாசிக்கும் ஜிம்மி டக் ஹோம்ஸின் பெற்றோர் 1948-இல் தொடங்கியது ப்ளூ ஃபிரண்ட் கஃபே. ரயில் பாதையோரம் ஒரு சாதாரணக் கட்டடம். ஜூனில் அங்கே திருவிழா நடக்கும், மற்ற நாட்களில் போவதானால் திறந்திருக்குமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் ஜேம்ஸ் 1931-இல் பாடியதையும் 1960-களில் மறுபடி பாடியதையும் காரில் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுக்கொண்டு போங்கள். மெம்ஃபிஸிலிருந்து போனால் இரண்டையும் பல தடவை கேட்கத் தூரம் இருக்கிறது.